சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால்: அஸ்பெர்கர் உள்ளவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

“இப்ப என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு?” என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். திட்டு வாங்கும்போது, யாராவது தடுக்கி விழும்போது, சாவுச் செய்தி சொல்லப்படும்போது, மேலதிகாரி எதிரே நின்று விளக்கம் கேட்கும்போது வாய் தானாக விரிந்துவிடும். உள்ளே பயமாகவோ வருத்தமாகவோ இருக்கும். இல்லையென்றால் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு இறுக்கம் இருக்கும். எதிரில் இருப்பவருக்குத் தெரிவது பல் மட்டும்தான். எனக்கும் அப்படித்தான். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ அஸ்பெர்கர் என்று அண்மையில்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக: அஸ்பெர்கர் என்பது, பிறரோடு பழகுவதும் முகக்குறிப்பைப் படிப்பதும் காட்டுவதும் மற்றவர்களைப் போல் இயல்பாக வராத, பிறவியிலேயே உள்ள ஒரு நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1994-இல் தனிப் பெயராக இடம்பெற்ற அஸ்பெர்கர், 2013 பதிப்பில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற பெரிய தலைப்புக்குள் போய்விட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பை அடக்கப் பழகுவதைவிட, சிரித்துவிட்ட பிறகு உடனே சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருப்பது மேல். அடக்குவது சில நாள் பலிக்கும், சில நாள் கைவிடும். வாக்கியம் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது.

முதலில், எந்தச் சிரிப்பு என்று பாருங்கள்

எல்லாச் சிரிப்பும் ஒரே காரணத்தால் வருவதில்லை. காரணம் தெரியாமல் வைத்தியம் பார்த்தால் வீண் அலைச்சல்தான்.

பதற்றச் சிரிப்பு முதல் வகை. இது நமக்கு மட்டும் உரியதல்ல. 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய பரிசோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, வேறொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாது. 40 பேரில் 14 பேர் அந்த நேரத்தில் பதற்றத்தோடு சிரித்தார்கள் என்று அவருடைய 1963 அறிக்கை சொல்கிறது. வியர்த்து, திக்கி, நடுங்கியவர்கள் மத்தியில்தான் அந்தச் சிரிப்பும் வந்தது. முடிந்த பிறகு, நாங்கள் ரசித்துச் சிரிக்கவில்லை என்று அவர்கள் மெனக்கெட்டு விளக்கினார்களாம்.

அவர்களால் விளக்க முடிந்தது. நமக்கு அங்கேதான் சிக்கல். தன் மனத்தில் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று தனக்கே பிடிபடாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பயம் என்று மனம் கண்டுபிடிப்பதற்குள் முகம் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். சிலருக்கு அழுகை அடுத்த நாள் சாயங்காலம்தான் வரும்.

இரண்டாவது வகை, ஒப்புக்குப் போட்டுக்கொண்ட புன்னகை. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை, ஆனால் பெரியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதுதான். சின்ன வயதில் “ஏன் மூஞ்சியை உம்முன்னு வச்சிருக்கே?” என்று கேட்டுக் கேட்டு, ஆளைப் பார்த்தால் புன்னகைக்க வேண்டும் என்று ஒரு விதியை நாமே போட்டுக்கொண்டிருப்போம். அது நன்றாகவே வேலை செய்யும். பேச்சு திசை மாறாத வரை. “எப்படி இருக்கே?” என்பதில் தொடங்கிய பேச்சு, “போன வாரம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம்” என்பதற்குப் போகும். மற்றவர்கள் முகம் அந்த இடத்தில் தானாகவே இறங்கும். நம் முகம் இறங்காது, காரணம் அதை ஏற்றியதே நாம்தான். இறக்குவதும் நாம் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஸ்கேனில் என்ன வந்தது, எந்த ஆஸ்பத்திரி, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று மூளை முழுக்கப் பேச்சில் இருக்கும்போது, புன்னகை அப்படியே மாட்டியபடி நிற்கும். இதில் பதற்றமும் இல்லை, சிரிப்பு உணர்ச்சியும் இல்லை. கழற்ற மறந்த புன்னகை, அவ்வளவுதான்.

மூன்றாவது, மனத்துக்குள் ஓடும் படம். எப்போதோ கேட்ட ஒரு வேடிக்கையான வசனம், ஒரு சத்தம், யாரோ ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தது, திடீரென்று அப்படியே திரும்ப ஓடும். முதல் முறை சிரித்த அதே அளவு சிரிப்பும் கூடவே வரும். எதிரில் நடப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அலுப்பு, தூக்கமின்மை, நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இடம், இவை இந்த ஓட்டத்தைக் கூட்டும்.

நான்காவது, நிஜமாகவே வேடிக்கையாக இருப்பது. இரங்கல் உரையின் நடுவில் மைக் கீச்சென்று கத்தினால் அது வேடிக்கைதான். பக்கத்தில் இருப்பவருக்கும் சிரிப்பு வந்திருக்கும், அவர் இருமி மறைத்திருப்பார்.

இந்த நான்கிலும் சேராத ஒன்றும் உண்டு. அதை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இதுவரை இல்லாமல் புதிதாக வந்த சிரிப்பு, எந்த நினைப்பும் உணர்ச்சியும் இல்லாமல் வெடித்து வரும் சிரிப்பு, நினைத்தாலும் நிறுத்த முடியாத சிரிப்பு, இவை நரம்பு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். ஸ்ட்ரோக், தலைக்காயம் போன்றவற்றுக்குப் பிறகு கட்டுப்பாடின்றிச் சிரிப்பும் அழுகையும் வருவதுண்டு. அதற்கு மருந்தும் இருக்கிறது. வலிப்பிலேயே சிரிப்பாக வெளிப்படும் ஒரு வகை உண்டு. அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கும். ஒரே மாதிரி, சிறிது நேரமே நீடிக்கும், கூப்பிட்டால் திரும்பாத சிரிப்பு குழந்தைக்கு அடிக்கடி வந்தால் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசம் இருக்கிறதே, அதனால்தான் என்று முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் குறிப்பேடு போதும். போனிலேயே எழுதலாம். எங்கே, யார் என்ன சொன்னார், சிரிப்பதற்குச் சற்று முன் உடம்பு எப்படி இருந்தது, மனத்தில் என்ன ஓடியது. “என்ன உணர்ந்தேன்” என்ற கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதில் வராது, எரிச்சல்தான் வரும். உடம்பைக் கேளுங்கள்: காது சூடானதா, வயிறு இறுகியதா, விரல்கள் என்ன செய்தன, மூச்சு எங்கே நின்றது. கொஞ்ச நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். உதாரணமாக, காது சூடான பிறகுதான் உதடு ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால், அதுவே உங்கள் மணியோசை.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது

“சிரிக்காதே, சிரிக்காதே” என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வது பலிக்காது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் இதைச் சோதித்தார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லி, நினைப்பு வந்தால் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆகவே எதைச் செய்யக் கூடாது என்பதை விடுத்து, எதைச் செய்வது என்று உடம்புக்கு ஒரு வேலை கொடுங்கள்.

நான் முதலில் சொல்வது மூச்சு. சிரிப்பு என்பது வெளியே போகும் மூச்சு துண்டு துண்டாக வெட்டுப்படுவதுதான். ஹ, ஹ, ஹ எல்லாம் வெளிமூச்சில் நடப்பவை. மூக்கால் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் வரை சிரிப்புக்குக் காற்று கிடைக்காது. இழுத்த பிறகு ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து நீளமாக விடுங்கள். குவித்த உதடு விரியாது என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது தாடை. புன்னகையைக் கலைக்க வேண்டுமென்றால் சோக முகம் செய்ய முயலாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று சோக முகம் பழகச் சொல்லும் ஆலோசனை எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழகி வரும் முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரித்தான் இருக்கும். பதிலாக, பற்களைச் சற்றே பிரித்து, நாக்கை மேலண்ணத்தில் லேசாக வைத்து, தாடையைத் தளர விடுங்கள். எதுவும் காட்டாத முகம் வரும். அது போதும். தலையையும் கொஞ்சம் குனிந்துகொள்ளலாம். துக்கமான பேச்சில் குனிந்த தலையை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒப்புக்குப் போட்ட புன்னகை உங்கள் வகை என்றால் மூச்சுப் பயிற்சியெல்லாம் தேவையில்லை. பேச்சில் சில சொற்களைக் காவலுக்கு வையுங்கள்: ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஆபரேஷன், வேலை போச்சு, பிரிஞ்சிட்டோம், இறந்துட்டார். இதில் ஒன்று காதில் விழுந்ததும் தாடையைத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் செய்தி கேட்கும்போது பழகிப் பாருங்கள். செய்தி வாசிப்பவர் உங்களைத் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

கன்னத்தின் உள்பக்கத்தைக் கடிப்பது, தொடையைக் கிள்ளுவது, நகத்தை அழுத்துவது எல்லாம் வேண்டாம். வேலை செய்யும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அழுத்தத் தோன்றும். செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி விரிப்பதோ, பையில் ஒரு சாவியையோ கைக்குட்டையையோ பிடித்துக்கொள்வதோ அதே வேலையைக் காயமில்லாமல் செய்யும்.

முடியவில்லையா? எழுந்து போங்கள். “ஒரு நிமிஷம் வரேன்” என்று சொல்லிவிட்டுப் போவது, சிரித்தபடி உட்கார்ந்திருப்பதைவிட எத்தனையோ மேல்.

பிறகு, அந்த வாக்கியம்

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். சிரிப்பு வந்த சமயத்தில் புதிதாக யோசித்துப் பேச நம்மால் ஆகாது. முன்பே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்குக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். நல்ல வாக்கியத்தில் இரண்டு விஷயம் இருக்கும்: இந்த முகம் என் மனம் அல்ல, நீங்கள் சொல்வது எனக்கு முக்கியம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

நண்பனிடம்: “டேய், பதறினா என் மூஞ்சி இப்படித்தான் போகும். சிரிக்கல. நீ சொல்லு.”

மேலதிகாரியிடம்: “சார், டென்ஷன்ல எனக்கு முகம் இப்படி ஆயிடும். நீங்க சொல்றதைக் கவனமாத்தான் கேக்கறேன்.”

கணவரை இழந்த அத்தையிடம் முகத்தைப் பற்றியே பேச வேண்டாம். “அத்தை, என்ன சொல்றதுன்னே தெரியல. மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.” இப்படிச் சொல்லிவிட்டால் அவர் நினைவில் நிற்பது அந்தச் சொல்தான். மூளை அமைப்பு, ஆட்டிசம், நரம்பு என்று அங்கே பாடம் எடுக்கத் தொடங்கினால், துக்கத்தில் இருப்பவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு ஆளாவார். அது நியாயமில்லை.

தவிர்க்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: “நான் சிரிக்கவே இல்லையே!” எதிரில் இருப்பவர் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே சண்டையாகிவிடும். முகம் சிரித்தது உண்மை, மனம் சிரிக்கவில்லை என்பதும் உண்மை. முதலாவதை ஒப்புக்கொண்டால்தான் இரண்டாவதை நம்புவார்கள்.

பேச்சு வராதவர்கள் ஒரு சீட்டிலோ போன் திரையிலோ இதையே எழுதி வைத்துக் காட்டலாம். சற்று நேரம் கழித்து மெசேஜ் அனுப்புவதும் நல்ல வழி: “காலையில் நீங்கள் சொன்னபோது என் முகத்தில் சிரிப்பு தெரிந்திருக்கும். அதிர்ச்சியில் எனக்கு அப்படி ஆகும். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மெசேஜ் முழுக்க உங்களைப் பற்றியதாகிவிடும்.

யாரிடம் முன்கூட்டியே சொல்லலாம்

எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. கூடவே வாழ்பவர்கள், உங்கள் மேல் அதிகாரம் உள்ளவர்கள், கஷ்டமான செய்திகளை உங்களிடம் கொண்டுவரும் நெருங்கிய நண்பர்கள், இவர்களுக்குத் தெரிந்தால் போதும். நோயின் பெயரைச் சொல்லாமல், நடப்பதை மட்டும் சொல்வதும் முழுக்க நேர்மையான வழிதான். “எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு மாதிரி தெரியும், அப்போது என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.” வேலையிடத்தில் பெயரைச் சொன்னால் சலுகை கிடைக்குமா, சங்கடம் கிடைக்குமா என்பது ஆளையும் இடத்தையும் பொறுத்தது. அவசரப்பட வேண்டாம்; ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெற முடியாது.

ஒழுங்கு நடவடிக்கை, போலீஸ் விசாரணை, நீதிமன்றம் ஆகிய இடங்களில் மட்டும் என் கருத்து வேறு. அங்கே தொடங்கும் முன்பே, பெயரோடு சொல்லிவிடுங்கள். அந்த இடங்களில் புன்னகையைத் திமிர் என்றோ, செய்ததற்கு வருத்தமில்லை என்றோ படித்துவிடுவார்கள். அதன் விலை பெரியது. முடிந்தால் மருத்துவர் கடிதம், கூடவே உங்களைத் தெரிந்த ஒருவர். கடிதத்தில் “சமூகத் தொடர்பில் சிரமம்” என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. “மன அழுத்தத்தில் இவர் சிரிக்கக்கூடும், அது மகிழ்ச்சியைக் குறிக்காது” என்று நேராக எழுதித் தரச் சொல்லுங்கள்.

விளக்கிச் சொல்லும் வேலை ஏன் எப்போதும் நம் தலையிலேயே விழுகிறது என்ற கோபம் சிலருக்கு வரும். நியாயமான கோபம்தான். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் இதைத்தான் எழுதினார்: புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் நம் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் துக்க வீட்டு வாசலில் நின்று இதை வாதாட முடியாது. வேறொரு நாள் பேசலாம்.

சில இடங்கள்

துக்க வீட்டுக்குப் போவதற்கு முன்பே எவ்வளவு நேரம் இருக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அங்கே ஏதாவது வேலை கேட்டு வாங்கிக்கொள்வது மிக நல்லது: நாற்காலி எடுத்துப் போடுவது, வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, போன் எடுப்பது. கையில் வேலை இருப்பவர் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, நமக்கும் பதற்றம் குறையும். இன்னொருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தால் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். சிரிப்பு தொற்றும்.

திட்டு வாங்கும் இடத்தில் நோட்டும் பேனாவும் கைகொடுக்கும். “எழுதிக்கிறேன்” என்று குனிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கெட்ட செய்தியை நேரில் சொல்லாமல் எழுதி அனுப்பும்படி நெருங்கியவர்களிடம் கேட்டுக்கொள்வதிலும் தவறில்லை. வீடியோ காலில் உங்கள் முகமே திரையில் தெரிந்தால் சிலருக்கு உதவும், சிலருக்கு அதைப் பார்த்தே சிரிப்பு கூடும். எப்படி என்று பார்த்து, தேவைப்பட்டால் உங்கள் படத்தை மறைத்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தம்பி விழுந்து முட்டி கிழிந்து அழுகிறான். அக்கா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். அவளை அதட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் சிரிப்பும் கூடும். அதைப் பார்த்து நீங்கள் இன்னும் அதட்டுவீர்கள். இந்தச் சுழலை நிறுத்த வேண்டியது பெரியவர்தான். நடந்ததைச் சொல்லுங்கள், வேலை கொடுங்கள்: “தம்பிக்கு அடிபட்டிருக்கு. வலிக்குது. போய் ஒரு துணி நனைச்சு எடுத்துட்டு வா, கண்ணு.” ஓடிப்போய் எடுத்து வருவாள். அவள் அக்கறை அந்த ஓட்டத்தில் தெரியும்.

சிரிப்பைப் பற்றிய பேச்சை அன்று இரவுக்கோ மறுநாளுக்கோ தள்ளிப்போடுங்கள். அப்போதும் “ஏன் சிரிச்சே?” என்று கேட்காதீர்கள், அதற்கு அவளிடம் பதில் இல்லை. “தம்பி விழுந்தப்ப உன் வயிறு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் ஏதாவது கிடைக்கலாம். பள்ளியில் ஆசிரியருக்கு ஒரு பத்தியில் எழுதிக் கொடுங்கள். திட்டும்போது சிரித்தால் எதிர்த்து நிற்பதாக எடுத்துக்கொண்டு தண்டிப்பது பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. எழுத்தில் ஒன்று இருந்தால் பேசுவதற்குப் பிடிமானம் கிடைக்கும்.

இன்னொன்று. குழந்தை தானாகச் சிரித்துக்கொண்டிருப்பதையெல்லாம் திருத்தப் பார்க்காதீர்கள். மனத்துக்குள் ஏதோ ஓடி, தனியாக உட்கார்ந்து சிரித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எந்நேரமும் முகத்தைக் காவல் காக்கப் பழகியவர்கள் பின்னாளில் எவ்வளவு களைத்துப்போகிறார்கள், மனச்சோர்வில் விழுகிறார்கள் என்பதைப் பற்றி இப்போது நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. அடுத்தவர் மனம் புண்படும் இடங்களுக்கு மட்டும் இந்த முயற்சியை வைத்துக்கொண்டால் போதும்.

உதவி தேடுவதென்றால்

இந்தச் சிரிப்புக்கென்று தனியாக மாத்திரை இல்லை. ஆனால் பதற்றம்தான் வேர் என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு; பதற்றம் தணிந்தால் சிரிப்பும் குறையும். உளவியலாளரிடம் போகும்போது, ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று முதலில் கேளுங்கள். “உள்ளுக்குள் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமோ?” என்று தோண்டுபவர் உங்களுக்கு ஆகாது. குறிப்பேட்டை எடுத்துப் போங்கள், பாதி வேலை அதிலேயே முடியும்.

அன்று இரவு

சிரித்துவிட்டு வந்த நாளின் இரவில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். அதற்கு ஒரு எல்லை போடுங்கள். குறிப்பேட்டில் நான்கு வரி. சொல்ல வேண்டியவருக்கு ஒரு மெசேஜ், ஒரே ஒரு மெசேஜ். பதில் வராவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவது மன்னிப்பு அனுப்பாதீர்கள். அவர் தன் துக்கத்துக்கு நடுவே உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சில நாள் கழித்து, சிரிப்பைப் பற்றிப் பேசாமல், அவருக்கு என்ன தேவை என்று கேட்டுப் போங்கள். சிலர் அப்போதும் ஏற்க மாட்டார்கள். அவர்களிடம் விளக்கம் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை; மரியாதையாக விலகி நின்றுகொள்ளுங்கள்.